முதுகில் ஒட்டிய பேட்

சிவசைலம் இதய வைத்தியம் படிக்க வந்தபோது அவருக்குத் தலை பாதி நரைத்திருந்தது. பட்டாளத்தில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேரனைத் தூக்கிக்கொண்டு கோயில் குளம் என்று போக வேண்டிய வயதில் மறுபடியும் மாணவனாக வந்து சேர்ந்தார்.

அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் டாக்டர் நூர்ஜஹான். சிவசைலத்தைவிட வயதில் நன்றாகவே இளையவர்.

அதனால் ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன மருத்துவமனையில் ஒரு வேடிக்கை. குரு சிஷ்யனை ‘சார்’ என்று கூப்பிட்டார். சிஷ்யன் குருவை ‘மேடம்’ என்றார். யார் யாருக்குப் பாடம் சொல்கிறார்கள் என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பிடிபடக் கொஞ்ச நாளாகும்.

ஒரு நாள் சிவசைலம் கேட்டார்.

“மேடம், ஷாக் கொடுக்கும்போது பேடை எங்க ஒட்டணும்?”

தாளம் தப்பி ஓடுகிற இதயத்துக்குக் கொடுக்கிற ஷாக்கைப் பற்றித்தான் கேட்டார். நோயாளியைக் கொஞ்ச நேரம் தூங்க வைத்துவிட்டு, உடம்பில் இரண்டு பேடுகளை ஒட்டி, கண் இமைப்பதற்குள் கரண்டைச் செலுத்துவார்கள். கண்டபடி ஓடிக்கொண்டிருந்த இதயம் ஒரு கணம் திகைத்து நிற்கும். பிறகு தன் சொந்தத் தாளத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் எல்லோருடைய வேண்டுதலும்.

“புத்தகத்துல என்ன போட்டிருக்கு சார்?”

“ரெண்டு இடம் போட்டிருக்கு. ஒண்ணு, வலது காறை எலும்புக்குக் கீழ ஒரு பேட், இடது அக்குளுக்குக் கீழ விலாப்பக்கம் ஒரு பேட். இன்னொண்ணு, நெஞ்சுல ஒரு பேட், முதுகுல ஒரு பேட்.”

“சரிதான்.”

“ஒரு ஆராய்ச்சி முதல் இடம்தான் நல்லதுங்குது. இன்னொரு ஆராய்ச்சி ரெண்டாவதுதான் நல்லதுங்குது. எது சரியான இடம் மேடம்?”

நூர்ஜஹான் எழுந்து கை கழுவப் போனார்.

“நாளைக்கு வெயிலுகந்தம்மாவுக்கு நீங்கதான் கொடுக்கப் போறீங்க. ஒட்டிப் பாருங்க சார்.”

“கேள்விக்குப் பதில் சொல்லலியே மேடம்?”

“சொல்லிட்டேனே” என்றார் நூர்ஜஹான்.

சிவசைலத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் “நன்றி மேடம்” என்றார். விளங்காவிட்டாலும் நன்றி சொல்கிற ரகம் அவர்.

வெயிலுகந்தம்மாள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர். சாம்பார் அண்டாவை ஒற்றை ஆளாக அடுப்பிலிருந்து இறக்கி வைத்தவர். இப்போது கரண்டியைத் தூக்கினாலே மூச்சு வாங்கியது. கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினார். ரத்தம் உறையாமலிருக்க வாரக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டாகிவிட்டது. ஓட்டத்தை அடக்கக் கொடுத்த மாத்திரைக்கு மட்டும் இதயம் மசியவில்லை.

இப்படியே இரவு பகலாக ஓடினால் இதயம் களைத்துப் போய்விடும். அதன் சுவர்கள் ஏற்கெனவே தளர ஆரம்பித்திருந்தன. அண்டாவை விடுங்கள், ஆளே மிஞ்சுவாரா என்பதுதான் கேள்வி. அவருடைய கணவர் பலவேசத்திடம் இதை நூர்ஜஹான் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். பலவேசம் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். கேட்டுவிட்டு, “சரிங்கம்மா” என்று மட்டும் சொன்னார். வெளியே போய் லாரிச் சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலை வெயிலுகந்தம்மாளைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். தலைப்பக்கம் உயர்த்தியிருந்தது.

“இப்ப எப்படிம்மா இருக்கு?” என்று சிவசைலம் கேட்டார்.

“நெஞ்சுக்குள்ள கோழிக்குஞ்சைப் போட்டு மூடுனாப்புல கெடக்கு ஐயா. ஓயவே மாட்டேங்கு.”

“இன்னைக்கு ஓய வச்சிருவோம்.”

“ஒரேயடியா ஓய வச்சிராதீங்க” என்றார் வெயிலுகந்தம்மாள். மூச்சு வாங்குகிறபோதும் வாய் மட்டும் வாங்கவில்லை.

சிஸ்டர் ஜெபராணி அவருடைய வளையல், கம்மல் எல்லாவற்றையும் கழற்றி வெளியே நின்ற பலவேசத்திடம் கொடுத்துவிட்டு வந்தாள். பிறகு கழுத்தில் கை வைத்தாள்.

“அதை மட்டும் தொடாதீக தாயி.”

“தங்கம் பேடுக்கு அடியில மாட்டுனா சுட்டுரும்மா. கழட்டிருவோம்.”

“சுடட்டும். கட்டுன நாள்லேர்ந்து கழட்டல. இன்னைக்குக் கழட்டி வச்சுட்டு நான் தூங்குவேனாக்கும்? வெளிய அந்த மனுசன் ஒத்தையில நிக்காரு. அவருக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?”

ஷாக் வாங்கப் போவது இவர். கவலையெல்லாம் வெளியே வளையலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற மனிதரைப் பற்றி. சிஸ்டர் சிவசைலத்தைப் பார்த்தாள்.

“கழட்ட வேண்டாம்மா” என்றார் சிவசைலம். “முதுகுப் பக்கம் தள்ளிப் போட்டுக்கலாம். ரெண்டு பேடையும் முன்பக்கமாத்தான் ஒட்டப் போறேன். தாலிக்கும் ஒண்ணும் ஆகாது, உங்களுக்கும் ஒண்ணும் ஆகாது.”

“நீங்க பாத்துக்கிடுவீகளா?”

“நான் பாத்துக்கிறேன்.”

“அப்பச் சரி.”

மஞ்சள் கயிற்றையும் அதில் கோத்திருந்த தங்கத்தையும் சிஸ்டர் கழுத்தைச் சுற்றி முதுகுப் பக்கம் தள்ளினாள். அந்த வார்டில் இது வழக்கம்தான். தாலியைக் கழற்ற மாட்டேன் என்கிற எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான் செய்வார்கள். எக்ஸ்ரே எடுக்கிற அறையிலும் அப்படித்தான். யாரும் யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்துவிடும்.

தூங்குவதற்கு ஊசி போட டாக்டர் ஒருவர் தலைமாட்டில் தயாராக நின்றார். சிவசைலம் பேடுகளை எடுத்தார்.

இங்கேதான் அவருக்கு ஒரு சங்கடம். பட்டாளத்தில் அவர் பார்த்ததெல்லாம் ஆண்கள். சட்டையைக் கழற்று என்றால் கழற்றிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பார்கள். இது கூடப்பிறந்தவள் வயதுள்ள ஒரு பெண்மணி. கவுனை முழுதாக விலக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. கவுனுக்குள் கையை மட்டும் விட்டு, கண்ணைச் சுவரில் தொங்கிய காலண்டரில் வைத்துக்கொண்டு, ஒரு குத்துமதிப்பாக ஒட்டினார். காலண்டரில் ஒரு மாட்டு வண்டிப் படம் இருந்தது. அதை அவ்வளவு அக்கறையாக வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஊசி போட்டதும் வெயிலுகந்தம்மாள் தூங்கிப் போனார். மானிட்டரில் பச்சைக் கோடு தாறுமாறாக ஓடியது.

“எல்லாரும் தள்ளிக்குங்க” என்று சொல்லி சிவசைலம் பட்டனை அமுக்கினார்.

உடம்பு தூக்கிப் போட்டது. எல்லோரும் மானிட்டரைப் பார்த்தார்கள். கோடு அப்படியேதான் ஓடியது.

கரண்டைக் கூட்டி வைத்து மறுபடியும் அமுக்கினார். கோழிக்குஞ்சுகள் அடங்கவில்லை.

“சார், பிரஷர் இறங்குது” என்றாள் ஜெபராணி.

சிவசைலத்துக்கு நெற்றி வேர்த்தது. பனி மலையில் குண்டு பாய்ந்தவர்களைத் தைத்த கை அது. இப்போது பட்டனை விட்டு விலகியது. மேடத்தைக் கூப்பிடச் சொன்னார்.

நூர்ஜஹான் வந்தார். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. கவுனைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் மூடினார்.

விலாவில் இருக்க வேண்டிய பேட் மார்பின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. வலப்பக்கத்துப் பேடுக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

“சார், இதயம் எங்க இருக்கு?”

சிவசைலத்தின் கை, எல்லோருடைய கையும் போகிற இடத்துக்கே போனது. இடது மார்பைத் தொட்டுக் காட்டினார்.

“அது சினிமாப் பாட்டுல. எக்ஸ்ரேல எங்க இருக்கு?”

“நடுவுல. கொஞ்சம் இடது பக்கமா.”

“தாளம் தப்பி ஆடுற அறை?”

“மேல் அறைங்க. அதுல இடது அறை பின்னால இருக்கு. முதுகெலும்பை ஒட்டி.”

“இந்த ரெண்டு பேடும் பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி தங்களுக்குள்ள பேசிக்கிட்டிருக்கு. கரண்ட் தோலோட போயி தோலோட வருது. உள்ள இருக்கிறதுக்குச் சேதியே போகல.”

சிவசைலம் தலையைக் குனிந்துகொண்டார். சொல்லும்போதுதான் இது நீளமாகத் தெரிகிறது. நடந்தபோது பேச்சுக்கு நடுவே நூர்ஜஹானின் கைகள் வேலை செய்துகொண்டிருந்தன. பழைய பேடுகளை உரித்தாகிவிட்டது. அவை இருந்த இடம் சிவந்திருந்தது.

“மறுபடியும் இதே தோல்ல வேண்டாம். நெஞ்சுல ஒண்ணு, முதுகுல ஒண்ணு. சிஸ்டர், புதுசு பிரிங்க. சார், அம்மாவைப் பக்கவாட்டுல திருப்புங்க.”

மார்பெலும்பை ஒட்டி வலப்பக்கம் ஒரு பேடை ஒட்டினார். வெயிலுகந்தம்மாளை வலது பக்கமாகச் சாய்த்தார்கள். அறையில் ஆண்கள் இரண்டு பேர் நின்றார்கள். நூர்ஜஹான் கவுனின் முடிச்சை அவிழ்க்கவில்லை. பேடைக் கவுனுக்குள் செலுத்தி, இடது தோள்பட்டை எலும்பைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, அதற்குக் கீழே முதுகெலும்பை ஒட்டி அழுத்தினார். மறுபடியும் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள்.

“பிரஷர் இன்னும் இறங்குது மேடம்.”

“சார்ஜ் பண்ணுங்க.”

மெஷின் கூவியது. நூர்ஜஹானின் விரல் பட்டனுக்குப் போனது.

“எல்லாரும் தள்ளிக்கு...”

“நில்லுங்க!”

சிவசைலம் கத்திய கத்தலில் பக்கத்து வார்டில் யாரோ டம்ளரைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. அந்த மருத்துவமனையில் யாரும் மேடத்திடம் அப்படிக் கத்தியதில்லை. பட்டாளத்துக் குரல் இத்தனை காலம் அவருக்குள் எங்கே ஒளிந்திருந்ததோ, அப்போதுதான் வெளியே வந்தது.

நூர்ஜஹானின் விரல் பட்டனைத் தொடாமல் நின்றது.

“என்ன சார்?”

“தாலி மேடம். முதுகுல கெடக்கு. நான்தான் அங்க போடச் சொன்னேன்.”

நூர்ஜஹான் சார்ஜை இறக்கினார். மறுபடியும் சாய்த்தார்கள். இந்தத் தடவை அவர் முடிச்சை அவிழ்த்து முதுகை முழுதாகத் திறந்தார். பேடை உரித்தபோது கயிறும் தங்கமும் அதன் பசையில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தன.

எல்லோரும் அதைப் பார்த்தார்கள். தங்கத்தைப் பேடுக்கும் தோலுக்கும் நடுவில் வைத்து அமுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“நன்றி சார்” என்றார் நூர்ஜஹான். எல்லோர் முன்னாலும், சத்தமாகவே சொன்னார். பிறகு, “திரையை இழுங்க சிஸ்டர். இன்னொரு ஜோடி பிரிங்க. இனிமே தடவிப் பாத்து ஒட்டுற வேலை வேண்டாம். கண்ணால பாத்து ஒட்டுவோம்” என்றார்.

சிவசைலம் தாலிக் கயிற்றைக் கழுத்திலிருந்து கழற்றாமலே மேலே தூக்கி, தலையணையின் மேல் பத்திரமாக வைத்தார். அவர் கண் இப்போது காலண்டருக்குப் போகவில்லை. ஒரு துணியால் முதுகின் ஈரத்தைத் துடைத்தார். நூர்ஜஹான் பேடைக் கொடுத்தார்.

“நீங்களே ஒட்டுங்க.”

ஒட்டினார். ஓரங்களை விரலால் அழுத்திச் சரிபார்த்தார். மல்லாக்கப் படுக்க வைத்த பிறகு கயிறு தலையணை மேல்தான் இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்தார்.

“நீங்களே அமுக்குங்க” என்றார் நூர்ஜஹான்.

“மேடம்...”

“அமுக்குங்க சார். எல்லாரும் தள்ளிக்குங்க.”

அமுக்கினார்.

உடம்பு தூக்கிப் போட்டு அடங்கியது. பச்சைக் கோடு தட்டையாக நீண்டது. “சேசுவே” என்றாள் ஜெபராணி. ஒரு துடிப்பு வந்தது. கொஞ்சம் இடைவெளி. இன்னொரு துடிப்பு. அதே அளவு இடைவெளி. மறுபடியும் ஒன்று. பிறகு அது பாட்டுக்கு நடக்க ஆரம்பித்தது, அவசரமே இல்லாமல்.

தலைமாட்டில் நின்ற டாக்டர் பிரஷர் ஏறுகிறது என்றார். சிவசைலத்துக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சினார். யாரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. தனக்கே யாரோ உயிரைத் திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரத்தில் வெயிலுகந்தம்மாள் கண்ணைத் திறந்தார். முதலில் கை கழுத்துக்குப் போனது.

“எங்க?”

“இருக்கும்மா. கழுத்துலயேதான் இருக்கு” என்று சிஸ்டர் தலையணையில் கிடந்ததை எடுத்து நெஞ்சில் போட்டாள். வெயிலுகந்தம்மாள் அதைப் பிடித்துக்கொண்டார். பிறகு முகம் மாறியது.

“ஐயா.”

“சொல்லுங்கம்மா.”

“குஞ்செல்லாம் எங்க? உள்ள சத்தத்தையே காணுமே. நின்னுட்டா?”

“நிக்கலம்மா, ஓடுது. ஒழுங்கா ஓடுது. அதான் உங்களுக்குத் தெரியல.”

வெயிலுகந்தம்மாள் அசையாமல் படுத்திருந்தார். காது கொடுத்துக் கேட்கிற மாதிரி இருந்தது.

“அப்ப நல்லா இருந்த காலத்துலயும் இது இப்படித்தான் ஓடிக்கிட்டு இருந்துதாக்கும்?”

“ஆமா.”

“ஒரு நாள்கூட நான் நெனச்சுப் பாத்ததில்லையே” என்றார். சொல்லிவிட்டு உள்ளங்கையை நெஞ்சின் மேல் வைத்தார். பிள்ளைகளுக்குச் சோறு போட்டு அனுப்பும்போது சொல்கிற மாதிரி, “நல்லாரு தாயி, நல்லாரு” என்றார். அவர் சொன்னது டாக்டரையும் இல்லை, சிஸ்டரையும் இல்லை.

பலவேசத்தை உள்ளே விட்டார்கள். தலைப்பக்கம் தாழ்த்திய கட்டிலில் மனைவி மல்லாக்கப் படுத்திருப்பதைப் பார்த்தார். எத்தனையோ நாளாகப் பார்க்காத காட்சி. அவருக்குக் கை கால் ஓடவில்லை. வளையல்களை வேட்டி மடியில் வைத்துக்கொண்டே கட்டிலைச் சுற்றி வந்தார்.

“ஏட்டி, மூச்சு முட்டலையா?”

“முட்டல. நீங்க குறுக்கும் நெடுக்கும் நடக்கதுதான் தலையைச் சுத்துது.”

பலவேசம் சிவசைலத்தின் முன்னால் வந்து நின்றார். குனிந்து காலைத் தொடப் போனவரைச் சிவசைலம் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“எனக்கில்ல ஐயா. நான் ரெண்டு தடவை கொடுத்தும் சரியாகல. மேடம் வந்துதான் இடத்தைச் சொன்னாங்க. அவங்களுக்குச் சொல்லுங்க.”

பலவேசம் நூர்ஜஹானைத் தேடிப் போனார். அவர் அடுத்த வார்டில் இருந்தார்.

“எனக்கில்லைங்க” என்றார் நூர்ஜஹான். “நான் பட்டனை அமுக்கியிருந்தா உங்க வீட்டம்மா முதுகு வெந்திருக்கும். சார்தான் தடுத்தாரு. அவருக்குச் சொல்லுங்க.”

பலவேசம் திரும்பி வந்தார்.

“அவக உங்களைக் கையக் காட்டுதாக.”

“அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. நீங்க அவங்ககிட்டயே போங்க.”

“நான் யாரைத்தான் ஐயா கும்பிடுதது?” என்று கேட்டார் பலவேசம். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. “எனக்குள்ள கெடந்து முட்டுது. எங்கனயாவது கொண்டுபோய் வைக்கணும்லா?”

வெயிலுகந்தம்மாள் கட்டிலில் இருந்து சொன்னார். “ரெண்டு பேருக்கும் பொதுவா வாங்கிட்டு வாங்க. அவக பங்கு வச்சுக்கிடட்டும்.”

பலவேசம் கடைத்தெருவுக்குப் போய்க் கருப்பட்டி மிட்டாய் வாங்கி வந்தார். சிவசைலத்தின் கையில் ஒரு பெரிய பொட்டலத்தைத் திணித்துவிட்டு, மறுபேச்சுக்கு இடம் கொடுக்காமல் மனைவியிடம் போய்விட்டார்.

சாயங்காலம் அந்தப் பொட்டலத்தோடு சிவசைலம் நூர்ஜஹானின் அறைக்குப் போனார். மேஜைமேல் டீ இருந்தது. பொட்டலத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தார்.

“மேடம், நான் கேட்டதுக்குப் பதில் கிடைச்சுது.”

“என்ன கிடைச்சுது?”

“புத்தகத்துல போட்டிருக்கிற ரெண்டு இடமும் சரிதான். நான் ஒட்டினதுதான் மூணாவது இடம்.”

நூர்ஜஹான் சிரித்துவிட்டார். வாயில் இருந்த டீ புரையேறியது.

“நானும் மூணாவது இடத்துலதான் ஒட்டினேன் சார். முதுகுல ஒட்டலை, தாலியில ஒட்டினேன்.”

“நீங்க அதைச் சொல்லக் கூடாது மேடம்.”

“ஏன்?”

சிவசைலம் பேச ஆரம்பித்தார். நிறுத்தவில்லை.

“நான் எத்தனை இடத்துல கேட்டேன் தெரியுமா? என் தலையைப் பாத்துட்டு, இந்த வயசுல எதுக்கு சார்னு சொல்லி அனுப்பிட்டாங்க. நீங்க மட்டும்தான் எப்ப வந்து சேர்றீங்கன்னு கேட்டீங்க. அன்னைலேர்ந்து கொடுத்துக்கிட்டே இருக்கீங்க. நான் வாங்கிக்கிட்டே இருக்கேன். இன்னைக்கு அந்தம்மா பொழைச்சதும் நீங்க கொடுத்ததுதான். இதுக்கெல்லாம் நான் என்ன கைம்மாறு செய்யறது? திருப்பித் தர எங்கிட்ட என்ன இருக்கு?”

“காலைல கத்தினீங்களே, அது?”

“அது அந்தம்மாவுக்குக் கொடுத்த வாக்கு. அதைப் போயி...”

நூர்ஜஹான் ஒரு துண்டு மிட்டாயை எடுத்துப் பாதியாகப் பிட்டார். ஒரு பாதியை வாயில் போட்டுக்கொண்டார்.

“சார், நம்ம மெஷின்ல கரண்ட் எப்படிப் போகுது?”

“ஒரு பேட்லேர்ந்து இன்னொரு பேடுக்கு மேடம்.”

“போயி?”

“போயி...” சிவசைலம் நிறுத்தினார். “அதே நொடியில திரும்பி வரும். அந்தப் பேட்லேர்ந்து இந்தப் பேடுக்கு.”

“எது கொடுக்கிற பேட், எது வாங்கிக்கிற பேட்?”

“அப்படிப் பிரிக்க முடியாது மேடம்.”

“ஒரு பக்கமா மட்டும் போற மெஷின் இருந்துதே, பாத்திருக்கீங்களா?”

“பாத்திருக்கேன். பட்டாளத்துல அதுதான் இருந்துது. கரண்ட் ரொம்ப வேணும். பாதிப் பேருக்குத் தோல் வெந்து போகும்.”

நூர்ஜஹான் மற்றப் பாதி மிட்டாயை அவர் பக்கம் நீட்டினார்.

“அந்த மெஷினைத் தூக்கிப் போட்டு ரொம்ப நாளாச்சு சார்.”